டேங்க் மூடியில் இருந்த கோளாறுக்கு இன்ஜினைப் பிரிக்கச் சொன்ன உங்கள் திருச்சி கிளை பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
நகல்: திருச்சி கிளை மேலாளர்
நாள்: 22 செப்டம்பர் 2025

வணக்கம்.

நான் பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1984 மாடல் அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல் வண்டி, 1489 சிசி. அப்பச்சி வாங்கியது. விலைக்குக் கேட்டு வருடத்துக்கு நாலு பேராவது வாசலுக்கு வருவார்கள், கொடுத்ததில்லை. பழைய கார்களுக்கென்றே தனிப் பிரிவு, அனுபவமுள்ள ஆட்கள் என்று நீங்கள் விளம்பரம் செய்ததை நம்பித்தான், காரைக்குடியில் தெரிந்த மெக்கானிக் இருக்கும்போதே, 90 கிலோமீட்டர் தாண்டி உங்கள் திருச்சி கிளைக்குக் கொண்டு வந்தேன். அந்தத் தப்பு என்னுடையதுதான். மற்றதெல்லாம் உங்களுடையது.

முதல் தடவை வந்தது ஆகஸ்ட் 4. டிக்கிக்குள் பெட்ரோல் வாடை அடித்தது, அதுதான் குறை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வர ஆரம்பித்த பிறகு பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள தலைவலி இது. 40 வருடத்துக்கு முந்தைய ரப்பர் அந்தக் கலவைக்காகச் செய்ததில்லை, சில இடத்தில் ஊதிப் போகும், சில இடத்தில் விறைத்து வெடிப்பு விடும். உங்கள் ஆட்கள் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினார்கள். நல்ல வேலை, வாடை நின்றுவிட்டது, அதற்குக் கொடுத்த பணத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். டேங்க் மூடி லூஸாக இருக்கிறது, அது வழியாகவும் ஆவி வருகிறது, பூட்டுச் சாவியோடு புது மூடி இருக்கிறது, போட்டுவிடலாமா என்று சர்வீஸ் அட்வைசர் கேட்டார். பெட்ரோல் விற்கிற விலைக்குப் பூட்டு இருந்தால் நல்லதுதானே என்று நானும் சரி சொன்னேன். 1,150 ரூபாய். கழற்றியதை எல்லாம் கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் பழைய மூடியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கார் ஷெட்டில் ஆணியில் மாட்டிவிட்டு மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13 காலையில் காரைக்குடியில் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினேன். இருபது கிலோமீட்டர் நல்ல ஓட்டம். திருமயம் வரும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகம் ஏறவில்லை. அப்புறம் வண்டி உலுக்க ஆரம்பித்தது, பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டிப் பிடித்து இழுக்கிற மாதிரி. சோக்கை இழுத்துப் பார்த்தேன், ஒரு நிமிடம் உயிர் வந்தது, மறுபடி முக்கியது, நின்றது. நின்ற இடம் கோட்டை பைரவர் கோயிலுக்குச் சற்று முன்னால். வழிப் பயணத்துக்காக வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிற இடம் அது. என் வண்டி தானாகவே நின்றதால் நானும் இறங்கிப் போய் உடைத்துவிட்டு வந்தேன். 25 நிமிடம் இருக்கும், சாவியைத் திருப்பினால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். ஆச்சரியமாக இருந்தது. இரண்டு கிலோமீட்டர் போனதும் அதே கதை. கடைசியில் வண்டியை லாரியில் ஏற்றி உங்கள் கிளைக்கு அனுப்பினேன், 5,500 ரூபாய், ரசீது இருக்கிறது.

உங்கள் அட்வைசரிடம் நான் மூன்று விஷயம் சொன்னேன், அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார். ஒன்று, கொஞ்ச நேரம் ஆறப்போட்டால் தானே சரியாகிவிடுகிறது. இரண்டு, சோக் இழுத்தால் கொஞ்ச தூரம் ஓடுகிறது. மூன்று, முந்தைய வாரம் அரை டேங்கில் பிள்ளையார்பட்டி போய் வந்தபோது இப்படி எதுவும் ஆகவில்லை. இந்த மூன்றையும் கேட்ட ஒரு மெக்கானிக் எழுந்து வண்டியின் பின்பக்கம் போயிருக்க வேண்டும். உங்கள் ஆள் ஜாப் கார்டில் 'பிக்கப் இல்லை' என்று மட்டும் எழுதினார்.

சோக் என்ன செய்கிறது? காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது. சோக் இழுத்ததும் இன்ஜின் தெளிகிறது என்றால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஸ்பார்க்கில் குறை இருந்தால் சோக் இழுத்து இன்ஜின் தெளியாது, இன்னும் மோசமாகத்தான் போகும். அப்படியிருக்க இக்னிஷன் காயிலை எதற்கு மாற்றினீர்கள்? 2,100 ரூபாய். பெட்ரோல் பம்ப் 4,200. கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்து கிட் போட்டது 3,650. கூலி 2,600. வரியோடு 14,809 ரூபாய், ஆகஸ்ட் 20 தேதியிட்ட பில். பம்பை மாற்றுவதற்கு முன் கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடித்து, பெட்ரோல் எவ்வளவு வருகிறது என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். பழைய பம்பாம், எப்படியும் மாற்ற வேண்டியதுதானாம். பேன் பார்க்கச் சொன்னால் மொட்டை அடித்துவிட்டு, முடி கொட்டத்தானே போகிறது என்றால் எப்படி?

அந்தப் பழைய பம்பும் என் கைக்கு வரவில்லை. கேட்டதற்கு ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். இத்தனை வருடம் கேம்ஷாஃப்ட் தட்டத் தட்ட ஓடிய ஒரிஜினல் பம்ப் அது, டயஃப்ரம் மட்டும் மாற்றினால் இன்னும் ஓடும். எங்கள் ஊரில் பழைய சாமானுக்கு என்ன மதிப்பு என்று சின்னப் பையனுக்கும் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு எனாமல் தூக்கை எடுப்பவர்கூடத் திருப்பி அடியைப் பார்க்காமல் விலை பேச மாட்டார்.

வண்டியை என்னிடம் கொடுக்கும்போது டெஸ்ட் டிரைவ் ஓ.கே. என்று எழுதியிருந்தது. எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்றால் 6 கிலோமீட்டர். டேங்கில் எவ்வளவு இருந்தது என்றால் ரிசர்வில் இருந்ததாம், ஏனென்றால் கார்புரேட்டர் வேலைக்காகப் பெட்ரோலை இறக்கி வைத்தார்களாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிறேன்.

அடுத்து நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்தில் என் அக்கா மகள் கல்யாணம். தேவகோட்டையிலிருந்து மாப்பிள்ளையை அழைத்து வர நம் வீட்டுக் கார்தான் போக வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டது. வண்டிதான் சரியாகிவிட்டதே என்று ஃபுல் டேங்க் போட்டு, மல்லிகைச் சரம் கட்டி அனுப்பினேன், நானேதான் ஓட்டினேன். திரும்பி வரும் வழியில், காரைக்குடிக்கு இன்னும் மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது அதே உலுக்கல், அதே முக்கல். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு இறங்கிப் பின்னால் வந்த வேனில் ஏறினார், நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே ஏறினார். இங்கே மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றார்கள். பெரியாத்தா இன்றைக்கு வரை சொல்லிக் காட்டுகிறார்கள். சாயங்கால நேரம், மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மறுநாள் போனில் உங்கள் அட்வைசர் சொன்ன காரணம் வெயில். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறதாம், வேப்பர் லாக் என்றார். அப்படி ஒன்று உண்டு, நான் மறுக்கவில்லை. மழைத் தூறலில் அது எங்கிருந்து வந்தது?

மூன்றாவது தடவை கொண்டு வந்தபோது வண்டிக்கு வயதாகிவிட்டது சார், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், போய்விட்டது, இன்ஜினைப் பிரித்து ரிங், வால்வு எல்லாம் பார்க்க வேண்டும் என்று 68,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். கம்ப்ரஷன் அளந்த கணக்கைக் காட்டுங்கள் என்றேன். அளக்கவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தி, வீடு வந்து சேர்ந்தேன்.

செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி மெக்கானிக் அண்ணனிடம் போனேன். இவரிடம் ஸ்கேனர் கிடையாது, புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "டேங்க ஃபுல் பண்ணுங்க, போவோம்" என்றார். திருப்பத்தூர் ரோட்டில் போனோம். பிள்ளையார்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி முக்க ஆரம்பித்ததும், "ஓரமா நிப்பாட்டுங்க, இன்ஜின ஆஃப் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் பின்பக்கம் போனார். இன்ஜின் இதோ அணையப்போகிறேன் என்று துடித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மூடியில் சாவியைப் போட்டுத் திருப்பினார், சட்டென்று வரவில்லை, உள்ளங்கையை அழுத்தி முறுக்கினார். உஸ்ஸ்ஸ் என்று டேங்க் மூச்சு இழுத்த சத்தம் டிரைவர் சீட் வரைக்கும் கேட்டது. நாலைந்து விநாடியில் துடிப்பு அடங்கி இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. அண்ணன் மூடியைத் திருப்பி உள்பக்கத்தை எனக்குக் காட்டினார், வழவழவென்று ரப்பர், ஒரு ஊசி நுழைய இடமில்லை.

வீட்டுக்கு வந்து ஆணியில் கிடந்த பழைய மூடியை எடுத்துப் பார்த்தேன். உள் தகட்டில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், என் வண்டியில் அதற்கு இருந்த ஒரே வழி அந்தத் துளைதான். நீங்கள் அதை அடைத்துவிட்டீர்கள். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் ஏறி, பம்ப் ஒரு பக்கம் இழுக்க, டேங்க் இன்னொரு பக்கம் இழுத்திருக்கிறது. வண்டி நின்ற பிறகு பூட்டு இடுக்கு வழியாகவோ எப்படியோ காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே வந்ததும் தானாகச் சரியாகியிருக்கிறது. புதுப் பம்ப் போட்டு என்ன பயன், பழைய பம்ப் மேல் என்ன குற்றம்?

ரிசர்வ் விஷயத்துக்கு வருகிறேன். ஃபுல் டேங்கில் பெட்ரோலுக்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம்தான், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் செலவானாலே அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்று நிறைய, அதே இரண்டு லிட்டர் பெரிதாகத் தெரியாது. ரிசர்வில் 6 கிலோமீட்டர் ஓட்டினால் இந்தக் கோளாறு வரவே வராது. நான் சொன்ன மூன்றாவது விஷயம் இதுதான்.

சந்தேகம் முழுதாகத் தீர வேண்டும் என்று பழைய மூடியைப் போட்டு, ஃபுல் டேங்கோடு திருப்பத்தூர் போய்த் திரும்பினேன். ஒரு திக்கல் இல்லை. அடுத்த நாள் உங்கள் மூடியைப் போட்டு அதே ரோட்டில் போனேன், 14 கிலோமீட்டரில் முக்கியது. இரண்டையும் மீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன். அண்ணன் 200 ரூபாய்தான் வாங்கிக்கொண்டார், அதுவும் நான் சட்டைப் பையில் திணித்ததால்.

எனக்கு வேண்டியது இது. மூடி 1,150, இரண்டாவது பில் 14,809, லாரி வாடகை 5,500, ஆக 21,459 ரூபாய் திரும்ப வர வேண்டும். காயிலையும் பம்பையும் வந்து கழற்றிக்கொண்டு போங்கள், என்னுடைய பழைய காயிலும் பம்பும் எனக்கு வேண்டும், ஸ்கிராப் கடையில் கிடந்தாலும் தேடிப் பிடித்து. அப்புறம், அந்த மூடியை இன்னும் எத்தனை வண்டிக்கு மாட்டியிருக்கிறீர்களோ, அவர்களுக்கெல்லாம் இன்றைக்கே போன் செய்யுங்கள். லாரி போகிற ரோட்டில், இரவில், குடும்பத்தோடு ஒருவர் முக்கி நின்றால் அதற்கு யார் பொறுப்பு? எனக்குப் பணத்தைவிட இதுதான் அவசரம்.

15 நாள் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டுச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை, 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. அலைச்சல் உங்களுக்குத்தான்.

உங்கள் மூடியை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அது சாட்சிப் பொருள், அதே ஆணியில் தொங்குகிறது. என் பழைய பம்பையும் காயிலையும் திருச்சியில் காரைக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வண்டி நம்பரைச் சொன்னால் போதும், புது பஸ் ஸ்டாண்டில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் அம்பாசடர்காரர்
(பெயர், பில் எண், வண்டி எண் இணைப்பில் உள்ளன)