காதோரத்து வலி காது வலிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு வலக் காதை ஒட்டி எனக்கு வலி தொடங்கியது. வீட்டருகே உள்ள கிளினிக்கில் இரண்டு முறை காதுச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், வலி தீரவில்லை. தோசையைக்கூட இடப்பக்கமே மென்று, கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கி நான்கு மாதங்களை ஓட்டினேன். பிறகு சொத்தைப் பல்லுக்காகப் போன இடத்தில் பல் மருத்துவர் என் காதுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். ‘சொடக்’ என்ற ஓசை எனக்கே கேட்டது. கோளாறு காதில் இல்லை, தாடை மூட்டில் இருக்கிறது என்றார்.

இது அரிய நோய் என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது அப்படி இல்லை. அமெரிக்க அரசின் பல் ஆய்வுக் கழகம் மக்களில் 5 முதல் 12 விழுக்காட்டினருக்கு இக்கோளாறு இருப்பதாகக் கூறுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடோ பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காடு என்கிறது. ஒரே நோய்க்கு இவ்வளவு வேறுபாடு வரக் காரணம் எண்ணும் முறைதான். வலியில்லாத ஓசையையும் சேர்த்தால் கணக்கு வீங்கும், வலியோடு வருபவர்களை மட்டும் எண்ணினால் சுருங்கும். வெறும் ஓசைக்குப் பொதுவாகச் சிகிச்சையே தேவையில்லை என்பதால், பெரிய எண்ணைப் பார்த்து யாரும் கலங்க வேண்டியதில்லை.

முழங்கால் மூட்டைப் போல இதுவும் முதுமையில்தான் வரும் என்று நினைப்பதும் தவறு. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்களிடமே இது மிகுதி. அதிலும் பெண்களிடம் ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு இரவு ஷிப்டில் வேலை செய்யும் பெண்களிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, இருவர் உடனே தங்கள் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்கள். வேலை மும்முரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதை நாங்கள் யாருமே கவனித்ததில்லை.

எனக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், உதடு மூடியிருந்தாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் வைத்திருக்கும் பழக்கம் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் குணம் தெரிந்தது. பல்லை அராவிச் சரிசெய்வது, அறுவைச் சிகிச்சை போன்ற, பழைய நிலைக்குத் திருப்ப முடியாத வழிகளை எடுத்த எடுப்பில் நாட வேண்டாம் என்றே வல்லுநர்கள் சொல்கிறார்கள்.

சுவீடனில் வெஸ்டர்போட்டன் என்னும் வட்டாரத்தில், பொதுப் பல் மருத்துவ நிலையங்களுக்கு வருவோரிடம் வாரத்துக்கு ஒருமுறையேனும் முகத்திலோ தாடையிலோ வலிக்கிறதா, வாயைத் திறக்கும்போதோ மெல்லும்போதோ வலிக்கிறதா, தாடை மாட்டிக்கொள்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பினாங்கிலுள்ள அரசாங்கப் பல் மருத்துவ நிலையங்களும், தைப்பூசக் காலத்தில் மருத்துவ முகாம் நடத்தும் நம் சமூக அமைப்புகளும் இந்த மூன்று கேள்விகளைத் தமிழிலும் மலாயிலும் கேட்கத் தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு