பெரிய கோயில் வழிகாட்டிகளுக்கு: அக்காவைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள்

தஞ்சைப் பெரிய கோயில் வழிகாட்டிகளான அண்ணன்மார்க்கும் தம்பிமார்க்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

கேரளாந்தகன் வாயிலில் தொடங்கி நந்தி மண்டபம் தாண்டி விமானத்தடிக்கு வருவதற்குள் நீங்கள் சொல்கிற சங்கதிகளைப் பலமுறை பின்னால் நடந்தபடி கேட்டிருக்கிறேன். காசு கொடுத்தும் கேட்டிருக்கிறேன், ஓரமாக நின்று ஓசியிலும் கேட்டிருக்கிறேன். கொதிக்கிற கல்தரையில் ஒரே கதையை ஒரு நாளைக்குப் பல குழுக்களுக்கு அலுக்காமல் சொல்வது லேசான வேலை இல்லை. ஆகவே இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொன்னியின் செல்வன் சினிமா வந்த பிறகு கூட்டம் மாறிவிட்டது. முன்பு ராஜராஜனைக் கேட்டவர்கள் இப்போது அவன் அக்கா குந்தவையைக் கேட்கிறார்கள். அவர் எங்கே இருந்தார், வந்தியதேவனை எங்கே பார்த்தார், அண்ணனைக் கொன்றது யார். நீங்களும் கேட்டதற்குப் பதில் சொல்கிறீர்கள், நாவலில் இருந்து. நாவல் மீது எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததே அதுதான். ஆனால் நீங்கள் நின்று பேசுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, விமானத்தின் அடித்தளக் கல்லில், குந்தவை கொடுத்த கணக்கு வெட்டியிருக்கிறது. அதைக் காட்டாமல் கூட்டத்தை நிழல் விழாத கோபுரக் கதைக்கு நகர்த்திவிடுகிறீர்களே, அதுதான் மனசுக்குப் பொறுக்கவில்லை. (நிழல் விழத்தான் செய்கிறது. காலையில் வருகிற எந்தக் குழந்தையும் அதைப் பார்த்துவிடும்.)

"நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன உத்தரவை உங்களில் பலர் அழகாக ஒப்பிக்கிறீர்கள். அதில் வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்கள். தனக்கு அடுத்து அக்கா. அரசியர் அதற்குப் பிறகுதான். கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலும் முதல் கல்வெட்டு அரசனுடையது, இரண்டாவது குந்தவையுடையது. தம்பி தன் மகளுக்கும் அதே பெயரைத்தான் வைத்தான். அந்த மகள் வேங்கி நாட்டு அரசன் விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டவர். அத்தையையும் மருமகளையும் போட்டுக் குழப்புகிற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்வெட்டில் அவர் "வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்" என்று அறிமுகமாகிறார். கூட்டம் கைதட்டும் இடம் இது, தட்டட்டும். கூடவே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 985-ல் தம்பி பட்டத்துக்கு வந்தான். விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்தது அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-ல். அவனுக்கும் மூத்தவர் இவர். இந்தக் கோயிலுக்கு வாரி வழங்கிய குந்தவை நடுவயதையும் கடந்த பெரியம்மா. போஸ்டரில் இருக்கும் முகத்தை இங்கே தேடி வருகிறவர்களுக்கு அது ஏமாற்றம்தான். பரவாயில்லை.

அந்தப் பெரியம்மா என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். இறைவியின் திருமேனிகளோடு, பெற்றோருக்கும் செப்புத் திருமேனி எடுத்து இந்தக் கோயிலில் வைத்தார். அப்பா சுந்தர சோழர். காஞ்சியில் பொன்மாளிகையில் இறந்ததால் "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்" என்றே கல்வெட்டு குறிக்கிறது. அம்மா வானவன் மாதேவி கணவனோடு தீயில் இறங்கியவர். திருக்கோவலூர்க் கல்வெட்டு அதை "முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்" என்று பாடுகிறது. பால்குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போனதைப் புலவர் புகழாகச் சொல்கிறார். மகளோ முப்பது ஆண்டுகளுக்கும் பிறகு, அவர்களுக்கு அன்றாடம் அமுதும் விளக்கும் கிடைக்க வழி செய்கிறார். நாவலில் இல்லாத இந்தச் சங்கதியைச் சொல்லிப் பாருங்கள். செல்போனைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்பார்கள்.

செலவுக்கு அவர் செய்த ஏற்பாடு அதைவிடச் சுவாரசியம். காசைக் கோயில் கருவூலத்தில் பூட்டி வைக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் ஊரிலேயே இருக்கும். வட்டி மட்டும் ஆண்டுதோறும் தஞ்சைக்கு வரும், சந்திரனும் சூரியனும் உள்ள வரை. ஊருக்கு முதலீடு, கோயிலுக்கு வருமானம். நகைக்கடன் வட்டி அத்துபடியான நம் ஜனங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

நகைக் கணக்கையும் காட்டுங்கள். பொன்னை "ஆடவல்லான்" என்னும் கல்லால் நிறுத்தார்கள், மணி பதித்த நகைகளைத் "தக்ஷிணமேருவிடங்கன்" என்னும் கல்லால். கோர்த்த சரடு எடைக் கணக்கில் சேராது. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று தரம் பிரித்து, குறையுள்ளதைக் குறையுள்ளதென்றே எழுதினார்கள். கொடுத்தவர் அரசனின் அக்கா என்பதற்காக ஒரு முத்தின் தரம்கூட ஏற்றிச் சொல்லப்படவில்லை.

கோயிலுக்கு வெளியே அவர் செய்தவற்றுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். திண்டிவனம் அருகே இருக்கும் தாதாபுரம் அன்றைக்கு ராஜராஜபுரம். அங்கே சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈஸ்வரம், பெருமாளுக்குக் குந்தவை விண்ணகர், சமணருக்குக் குந்தவை ஜினாலயம் என மூன்றும் அவர் எடுப்பித்தவை. முதல் இரண்டும் நிற்கின்றன, ஜினாலயம் அழிந்துவிட்டது. போளூர்ப் பக்கம் திருமலையில் அவர் பெயரால் இன்னொரு ஜினாலயம் உண்டு. ராஜேந்திரன் காலத்தில் வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை அதற்கு விளக்கெரியக் கொடை கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது இன்றைய அரசியல் மேடைப் பேச்சைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள், இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. மூன்று கோயிலின் பெயரைச் சொல்லி நிறுத்தினாலே கேட்பவர்க்குப் புரியும்.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரி. தஞ்சையில் அப்பா பெயரில் "சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை" இருந்தது. ராஜேந்திரன் ஆட்சியின் தொடக்கத்தில் அங்கே இருந்த வைத்தியருக்குக் குந்தவை நிலம் விட்டார். சோழர் கால மருத்துவமனை என்றதும் எல்லோரும் திருமுக்கூடலின் 15 படுக்கைகளைத்தான் சொல்கிறோம். அந்தக் கல்வெட்டு வீரராஜேந்திரன் காலத்தது, இதற்கு அரை நூற்றாண்டு பிந்தியது. தஞ்சை ஆதுலர் சாலை உங்கள் ஊர்ச் சொத்து, விட்டுக்கொடுக்காதீர்கள்.

தஞ்சையில் அவர் பெயரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பெண்கள் குழுவாக வந்தால் மட்டுமாவது விமானத்தைச் சுற்றும்போது இந்தக் கல்லருகில் நிறுத்துங்கள். எழுத்து பழையதுதான், ஆனாலும் தமிழ்தான். க, த, வ எல்லாம் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். "குந்தவை" என்ற பெயர் எங்கே வருகிறது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். கல்லின்மேல் கை வைக்காமல், அதையும் சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டிக் கூலியை இதற்காகக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் நான் கொடுக்கத் தயார்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஓரமாக நிற்கும் ஒருவன்