பிரிந்த செல்கள் எல்லாம் பரவுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய் பற்றிய மருத்துவக் கட்டுரைகளில், 'கட்டியிலிருந்து பிரியும் செல் ரத்தத்தில் கலந்து வேறோர் உறுப்பில் போய் வளர்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிரிந்த செல்லுக்கு நடுவழியில் என்ன நேர்கிறது என்பது அந்த வரியில் இல்லை. இந்த விடுபடல் என்ன செய்யும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். மார்பில் கட்டி தென்பட்ட என் அக்கா, ஊசி பட்டால் செல்கள் கலைந்து உடம்பெங்கும் பரவிவிடும் என்று பயந்து, ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியை நான்கு மாதம் தள்ளிப்போட்டார். செல் வளர்ப்பு ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த நான், அவருக்கு அப்போது புரியும்படி எடுத்துச் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுத விரும்புகிறேன்.

உறுப்புகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால், கல் பாவிய தரைபோல ஒன்றையொன்று நெருக்கிப் படுத்திருக்கும். புரதத்தை அறுக்கும் டிரிப்சின் நொதியை ஊற்றினால் பிடி விட்டு, உருண்டையாகி மிதக்கும். அவற்றை ஒட்ட முடியாதபடி ஜெல்லி பூசிய தட்டுக்கு மாற்றிவிட்டால், ஓரிரு நாளில் மேற்சவ்வில் குமிழ் குமிழாகப் புடைத்து, துண்டு துண்டாகச் சிதறிவிடும். சத்துநீரில் ஒரு குறையும் இருக்காது. பற்றிக்கொள்ள இடம் இல்லை என்பதே சாவுக்குக் காரணம். நாயின் சிறுநீரகச் செல்களில் இதை ஆராய்ந்த ஃபிரிஷும் ஃபிரான்சிஸும் 1994-ல் இதற்கு 'அனோய்கிஸ்' என்று பெயரிட்டார்கள்; வீடற்றுப் போதல் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல் அது. அடித்தளத்தை இன்டெக்ரின் புரதங்களால் பற்றியிருக்கும் வரை, பிழைத்திருப்பதற்கான சமிக்ஞை செல்லுக்குள் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கும். பிடி விட்டதும் அது அறுந்து, சாவைத் தூண்டும் பிம் போன்ற புரதங்கள் தலைதூக்கி, காஸ்பேஸ் நொதிகள் செல்லை உள்ளிருந்தே வெட்டிப்போடும். ஓரிடத்துச் செல் இன்னோரிடத்தில் போய் வேரூன்றாமல் நம் உடம்பு இப்படித்தான் காவல் காக்கிறது.

புற்றுச் செல்களில் சில இந்தக் காவலைத் தாண்டிவிடுகின்றன என்பது உண்மை. செல் வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் போன்ற மரபணு பழுதானால், பிடி இல்லாதபோதும் பிழைப்புச் சமிக்ஞை அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். தனியாகப் போகாமல் கொத்தாகப் போகும் செல்கள் ஒன்றையொன்று பற்றிப் பிழைக்கின்றன. ரத்தத் தட்டணுக்கள் மேலே போர்த்திக்கொண்டால், நோய் எதிர்ப்புச் செல்களின் கண்ணிலிருந்தும் தப்புகின்றன. ஆனாலும் தப்புவது மிகச் சிறிய பங்குதான். புற்றுநோய் ஆய்வாளர் ஐசேயா ஃபிட்லர் 1970-ல் கதிரியக்கக் குறியிட்ட மெலனோமா என்ற தோல்புற்றுச் செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திக் கணக்கிட்டபோது, இரண்டு வாரத்துக்குப் பின் எஞ்சியவை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றுதான். மீந்த செல்லும் போய்ச் சேர்ந்த இடம் ஒத்துவந்தால்தான் வளரும். ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடப்பதும் உண்டு.

ஊசி சில செல்களை இடம்பெயர்க்கவே செய்யும். அதை மறைக்க வேண்டியதில்லை. விரைப் புற்று என்று சந்தேகம் வந்தால், மருத்துவர்கள் விதைப்பையில் ஊசி குத்தாமல் இடுப்புமடிப்பு வழியாக விரையையே எடுப்பது இந்தக் காரணத்தால்தான். எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். மார்பகத்தில் ஊசித் தடத்தின் வழியே நோய் கிளம்புவது மிக அரிது. கட்டியோ நாள்தோறும் தானாகவே செல்களை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. இனி பரவல் பற்றி எழுதும்போது, பிரிந்த செல்களில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்பதையும், கட்டியை விட்டுவைக்கும் ஒவ்வொரு வாரமும் உதிர்வு தொடர்கிறது என்பதையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்குக் கடைசியில் பயாப்சி எடுத்தார்கள். ஊசி பட்ட இடத்தில் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் அக்குளில் நெறி கட்டியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்