கெண்டைக்கால் என்றால் கெண்டைக்கால் மட்டும்தானா?

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடும் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணியின் பொது மேலாளர் ஜான் லிஞ்ச் அவர்களுக்கும், தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷானஹன் அவர்களுக்கும்,

வணக்கம்.

சான்டா கிளாராவில் உங்கள் பயிற்சி முகாம் தொடங்கப்போகிறது. 90 பேர் வருவார்கள், ஆகஸ்ட் கடைசியில் 53 பேர் மிஞ்சுவார்கள். நடுவில் இருக்கிற வாரங்களில் சனிக்கிழமை சாயங்காலமானால் சன்னிவேலில் எங்கள் வீட்டில் சண்டை நடக்கும். ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள், ஒரு தட்டு வடை, ஒரு ஃபில்டர் காபி டபரா செட். பந்தைப் பிடிக்கிற ரிசீவர் ஐந்து பேரா ஆறு பேரா, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்கில் மூன்றாவது ஆள் யார், யாருடைய முழங்கால் தேறும் என்று பேசிப் பேசித் தொண்டை கட்டிவிடும். அதை நிறுத்த வழி செய்யுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. சண்டைக்குக் கொஞ்சம் சரக்கு கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

கேட்பது சின்ன விஷயம். முகாமில் ஒவ்வொரு பயிற்சி நாளும் முடிந்ததும் ஒரு பட்டியல் போடுங்கள். யார் முழுதாகப் பயிற்சி செய்தார், யார் பாதி செய்தார், யார் செய்யவே இல்லை, உடம்பில் எந்த இடத்தில் கோளாறு. சீசன் தொடங்கிவிட்டால் லீக் விதிக்குக் கட்டுப்பட்டு வாரத்துக்கு மூன்று நாள் இதைத்தானே செய்கிறீர்கள்? அதையே ஜூலையிலும் ஆகஸ்டிலும் செய்யுங்கள் என்கிறேன். முகாமில் அப்படி நாள்தோறும் பட்டியல் போட வேண்டும் என்று விதி உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் விதியைக் காட்டாமல் உங்களையே கேட்கிறேன்.

ஏன் இந்த அவசரம் என்றால், போன வருஷம் நான் ஒரு பாவம் செய்தேன்.

2025 ஜூலை. நம் ரிசீவர் ஜவான் ஜென்னிங்ஸ் புது ஒப்பந்தம் கேட்கிறார், இல்லாவிட்டால் வேறு அணிக்கு அனுப்பச் சொல்கிறார் என்று செய்தி அடிபட்டுக்கொண்டிருந்தது. முகாம் தொடங்கிச் சில நாளிலேயே அவருக்குக் கெண்டைக்காலில் கோளாறு. அதற்கப்புறம் முகாமின் பெரும்பகுதிக்கு ஆள் களத்தில் இல்லை. எங்கள் கையில் இருந்தது 'கெண்டைக்கால்' என்ற ஒரு சொல்லும், யாரோ தூரத்திலிருந்து எடுத்த ஒன்பது விநாடி வீடியோவும்தான். எங்கள் கூட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் உண்டு. போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி, வடை எண்ணெய் திரையில் ஒட்ட ஒட்டப் பார்த்தார். "பாருங்க, முன்னங்காலை ஊன்றித்தான் நடக்கிறான். நிஜமான பிடிப்பு இருந்தா குதிகால் தரையில படும்போதே முகம் மாறும்" என்றார். அப்புறம் நான் ஒன்று சொன்னேன்: "இது கால் வலி இல்லீங்க, கையெழுத்து வலி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஆகஸ்ட் முழுக்க, புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

சீசன் நடுவில் அதே மனிதர் விலா எலும்புகள் உடைந்த நிலையில் ஆடிக்கொண்டிருந்தார் என்று தெரிய வந்தது. புது வீரர்களை அணிகள் பங்கு போட்டு எடுக்கும் டிராஃப்டில், கடைசியான ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டு, 2024-இல் 975 கெஜம் பிடித்துக் காட்டியவர். மூச்சு விட்டாலே வலிக்கும் நெஞ்சோடு ஓடிப்போய் ஆளைத் தடுத்துக்கொண்டிருந்தவரைத்தான் நான் நடிக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் வாய்க் கொழுப்புக்கு நான்தான் பொறுப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆகஸ்டில் தினமும் ஒரு வரி, 'ஜென்னிங்ஸ், கெண்டைக்கால், பயிற்சி செய்யவில்லை. நேற்றைவிடத் தேவலை' என்று உங்களிடமிருந்து வந்திருந்தால் என் ஜோக்குக்கு இடமே இருந்திருக்காது. நீங்கள் விட்ட வெற்றிடத்தை நாங்கள் சந்தேகத்தால் நிரப்பிக்கொள்கிறோம். அடி விழுவது என்னவோ வீரர் மேல்.

அதற்கு முந்தைய வருஷத்துக் கெண்டைக்கால் உங்களுக்கு நினைவிருக்கும். மறக்க முடியாது. 2023-இல் ஓடியும் பிடித்தும் 2,023 கெஜம், 21 டச் டவுன், லீக்கின் சிறந்த தாக்குதல் வீரர் விருது என்று நின்ற கிறிஸ்டியன் மெக்காஃப்ரிக்கு, 2024 ஆகஸ்ட் முகாமில் கெண்டைக்காலில் இழுப்பு. பயிற்சி ஆட்டங்களில் ஆட மாட்டார், சீசனுக்கு வந்துவிடுவார் என்று நம்பினோம். கட்டாய அறிக்கை எழுத வேண்டிய முதல் வாரம் வந்தது. அதில் கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சொல் உட்கார்ந்திருந்தது: அக்கிலிஸ். குதிகாலுக்கு மேலே இருக்கிற அந்தத் தடித்த தசைநார். ஒரு ஓட்டக்காரரைப் பொறுத்தவரை கெண்டைக்கால் என்பது பஞ்சர் மாதிரி, அக்கிலிஸ் என்பது அச்சு முறிந்த மாதிரி. ஆகஸ்ட் முழுக்க எங்கள் காதில் விழாத சொல், விதி வந்து கையைப் பிடித்ததும் காகிதத்தில் விழுந்துவிட்டது.

செப்டம்பர் 9, திங்கட்கிழமை இரவு, ஜெட்ஸ் அணியோடு முதல் ஆட்டம். என் மகன் பள்ளிக்கூடத்துக்கே 23-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தான். ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கையில் வருகிற ஆடாதோர் பட்டியலில் மெக்காஃப்ரி பெயர். டி.வி. முன்னால் நின்றபடியே கேட்டான்: "பொய் சொன்னாங்களாப்பா?" "பொய் இல்லடா, ஃபுட்பால்" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நல்ல பதிலாகத் தோன்றவில்லை.

ஆட்டத்தை 32-19 என்று ஜெயித்தோம். டிராஃப்டில் யாரும் எடுக்காமல் விட்டு, நீங்கள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்ட ஜோர்டன் மேசன் 28 தடவை பந்தைத் தூக்கி 147 கெஜம் ஓடினார். சந்தோஷம்தான். ஆனால் மெக்காஃப்ரி காயப் பட்டியலுக்குப் போனார், வைத்தியத்துக்கு ஜெர்மனி வரை போனார், நவம்பரில் திரும்பினார், டிசம்பர் முதல் தேதி பஃபலோ பனியில் முழங்காலைக் கொடுத்தார். மொத்தம் நான்கு ஆட்டம். எலைஜா மிட்செல் பின்தொடைத் தசைக் காயத்தால் ஆகஸ்டிலேயே சீசனை இழந்திருந்தார். எத்தனை ரன்னிங் பேக்கை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த மாதம் நாங்கள் போட்ட சண்டையெல்லாம் பாதிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட சண்டை. விடைத்தாள் மட்டும் கொடுத்து வினாத்தாளை மறைத்தால் எந்தப் பிள்ளைதான் பாஸ் பண்ணும்?

சொல்லாத இடத்தில் என்ன முளைக்கும் என்று இந்த ஜனவரியில் நீங்களே பார்த்தீர்கள். பிலடெல்பியாவில் ஜார்ஜ் கிட்டிலின் அக்கிலிஸ் அறுந்ததும் ஊரே மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டது. பயிற்சித் திடலுக்குப் பக்கத்தில் இருக்கிற துணைமின் நிலையத்திலிருந்து வரும் அலைதான் வீரர்களின் தசைநாரை இற்றுப்போக வைக்கிறது என்றார்கள். ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் லிஞ்ச் அவர்களே, அதையும் பார்ப்போம் என்று நிருபர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டி வந்தது. ஈபி டிரான்ஸ்பார்மர் வேலிக்குள் விழுந்த பந்தைக் குச்சி விட்டு எடுத்து, அதன் நிழலிலேயே ஸ்டம்ப் நட்டு ஆடி வளர்ந்தவன் நான். என் தசைநார் நன்றாகத்தான் இருக்கிறது, தொப்பைதான் பிரச்சினை. அணி அந்த இடத்துக்கு வந்தது 1988-இல். அந்த சீசனிலும், அதற்கடுத்ததிலும், 1994-லும் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தோம். அப்போது கரண்ட் கட்டா?

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கும் ஒரு விளக்கம் உண்டு. அவருக்கு ஆட்ட விதி எதுவும் தெரியாது, வண்டி வந்தால் மட்டும் தெரியும். போன அக்டோபரில் டாம்பாவில் ஃப்ரெட் வார்னரின் கணுக்கால் பிசகி உடைந்து, காலில் கட்டோடு அவரை வண்டியில் ஏற்றியபோது, "யார் கண்ணு பட்டுதோ, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுத்திப் போடச் சொல்லு" என்றார். துணைமின் நிலையத்தைவிட இது எவ்வளவோ மேல். செலவும் குறைவு.

லீக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வாய் நிற்காது. 2021-இல் 17 ஆட்டம் ஆக்கினார்கள், இப்போது 18 என்கிறார்கள். உடம்பு என்ன, சிம் கார்டா, ரீசார்ஜ் பண்ணிக்கொள்ள? நியூ ஜெர்சியில் இருக்கிற மெட்லைஃப் மைதானத்தின் செயற்கைத் தரையில் 2020 செப்டம்பரில் ஒரே நாளில் நிக் போசாவும் சாலமன் தாமஸும் முழங்காலைப் பறிகொடுத்தார்கள். போன நவம்பரில் மைக்கேல் வில்லியம்ஸ், அதே மைதானம். 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு மட்டும் அங்கே பசும்புல். விருந்தாளிக்குத் தலைவாழை இலை, வீட்டுப் பிள்ளைக்குப் பிளாஸ்டிக் தட்டு! சரி, போசாவின் முழங்கால் 2025-இல் மறுபடி போனது நம் சொந்த மைதானத்துப் புல்லில்தான். அது என் வாதத்துக்கு உதவாது, ஆகவே அதற்கு மேல் பேசவில்லை. இதையெல்லாம் உங்களிடம் கொட்டுவதும் முறையில்லை. மன்னிக்கவும், பட்டியலுக்கு வருகிறேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். எதிரணிக்குத் துப்பு கிடைத்துவிடும் என்பீர்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஒருவருக்குப் பின்தொடை பிடித்திருப்பது தெரிந்து, செப்டம்பரில் ஆடப்போகும் அணி என்ன செய்துவிடும்? வீரரின் அந்தரங்கம் என்பீர்கள். அது நியாயமான கவலை. ஸ்கேன் படத்தை நான் கேட்கவில்லை. சீசனில் வெளியிடுகிற அதே அளவு போதும். செப்டம்பரில் அந்தரங்கமாக இல்லாத முழங்கால் ஆகஸ்டில் மட்டும் எப்படி அந்தரங்கமாகிறது? சூதாட்டக்காரர்கள் உள்தகவலை விலைக்கு வாங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் காய அறிக்கை என்ற ஏற்பாடே இந்த லீக்கில் பிறந்தது. சூதாட்டக்காரருக்குப் பயந்து செய்ததை, ரசிகன் மேல் உள்ள பிரியத்தில் சில வாரம் முன்னதாகச் செய்யக் கூடாதா?

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கே தெரியாத நாட்கள் இருக்கும். தசை எப்போது தேறும் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. அந்த மாதிரி நாளில் 'எங்களுக்கும் தெரியவில்லை' என்றே போடுங்கள். அதைப் படித்து யாரும் உங்கள் மேல் கல் எறியப் போவதில்லை. எப்போது திரும்புவார் என்று கெடு வைக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. இன்றைக்கு எப்படி இருக்கிறார், அது போதும். முழுதாக, பாதி, இல்லை. எந்த இடம். தினமும். அவ்வளவுதான்.

முதல் வாரமே தொடங்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். முடியாவிட்டால் முதல் பயிற்சி ஆட்டத்திலிருந்தாவது தொடங்குங்கள். அதுவும் சிரமம் என்றால், அந்தச் சிரமம் என்னவென்று ஒரு வரி சொல்லுங்கள். ஜென்னிங்ஸைப் பற்றிச் சொன்ன ஜோக்கை நான் நிறுத்திவிட்டேன். எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் புரியும் என்று மகன் கேட்கிறான். அவர்கள் ஆகஸ்டில் பேசுவது நமக்குப் புரிகிற அளவுக்குப் புரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சன்னிவேலிலிருந்து ஒரு ரசிகன்