ராணியையும் கணக்கில் எடுங்கள்

பூச்சிக்கொல்லிகளைப் பரிசீலித்து ஒப்புதல் வழங்கும் நிபுணர் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் மேசைக்கு வரும் கோப்புகளில் தேனீக்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். இத்தனை மைக்ரோகிராம் மருந்து கொடுத்தோம், 48 மணி நேரத்தில் இத்தனை தேனீக்கள் இறந்தன என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பகுதியில் இடம் கிடைக்காத ஓர் உயிருக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். மண்ணுக்குள் தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் பம்பிள் தேனீ ராணிக்காக.

பம்பிள் தேனீ உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம் போர்த்திய, உருண்டு திரண்ட தேனீ. குளிர் நாடுகளிலும் மலைப் பகுதிகளிலுமாக 250க்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. பெட்டியில் வளர்க்கும் தேனீக்குச் செய்த சோதனையே இதற்கும் போதும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. வளர்ப்புத் தேனீக் கூட்டில் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் ராணியைச் சுற்றி நின்று ஊட்டுகின்றன. இரை தேடி அவள் பூப்பூவாக அலைவதில்லை. பம்பிள் தேனீயின் பிழைப்பு வேறு. பருவம் முடியும்போது பழைய ராணி, வேலைக்காரத் தேனீக்கள், ஆண் தேனீக்கள் எல்லாமே மடிந்துவிடுகின்றன. அந்த ஆண்டு பிறந்து இணைசேர்ந்த இளம் ராணிகள் மட்டும் மண்ணைத் தோண்டி உள்ளே போய் மாதக்கணக்கில் உறங்குகின்றன. அடுத்த வசந்தத்தில் அந்த வட்டாரத்தில் பம்பிள் தேனீ பறக்குமா என்பது, அவற்றில் எத்தனை எழுந்து வருகின்றன என்பதைப் பொறுத்தது.

எழுந்து வந்தவள் செய்யும் வேலையைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். எலி விட்டுப்போன வளை ஒன்றைத் தேடிப் பிடிக்கிறாள். தன் உடம்பில் சுரக்கும் மெழுகால் சிறு குடுவை ஒன்று செய்து, பூந்தேனை நிரப்பி, வாய்க்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறாள். மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கி அதில் முட்டையிடுகிறாள். பிறகு கோழி அடைகாப்பதுபோல அதன் மேல் வயிற்றை அழுத்திப் படுத்து, சிறகை அசைக்காமலே பறக்கும் தசைகளை நடுங்கவைத்து உடம்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டை முட்டைகளுக்குக் கொடுக்கிறாள். தேன் தீர்ந்தால் பூவுக்கு ஓட வேண்டும். திரும்ப நேரமானால் முட்டைகள் குளிர்ந்துவிடும். முதல் வேலைக்காரத் தேனீக்கள் பிறக்கும்வரை எல்லாப் பாடும் அவள் ஒருத்திக்குத்தான். அந்த நாட்களில் பூவில் மருந்து இருந்தால், அது நேராக அவள் வயிற்றுக்குத்தான் போகிறது.

பம்பிள் தேனீக்களின் இந்த வாழ்க்கையைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்பவர் நைஜல் ரெய்ன். முன்பு லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் இருந்தார். பிறகு கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2012இல் அவர் பங்கேற்ற ஆய்வில், தேனீக்களின் முதுகில் மின்னணுக் குறிச்சில்லுகளை ஒட்டி, ஒவ்வொன்றும் எப்போது கூட்டைவிட்டுப் போகிறது, எப்போது திரும்புகிறது என்று கணக்கெடுத்தார்கள். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உணவு கிடைத்த கூடுகளில் தேனீக்கள் கொண்டுவந்த மகரந்தச் சுமை சிறுத்துப்போனது. ஆப்பிள் மரங்களில் நடந்து 2015இல் வெளியான சோதனையில், தயாமீத்தாக்சம் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி பட்ட கூடுகளின் தேனீக்கள் பூக்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டன. அவை மகரந்தச் சேர்க்கை செய்த மரங்களின் பழங்களில் விதைகள் குறைவாக இருந்தன. பயிரைக் காக்க அடித்த மருந்து பயிரின் விளைச்சலிலேயே கைவைக்கும் என்றால், அந்தச் செலவை எந்தக் கோப்பில் எழுதுகிறீர்கள்?

என்னை அதிகம் உறுத்துவது 2017இல் அவரும் ஜெம்மா பாரன் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு. குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்த ராணிகளுக்குத் தயாமீத்தாக்சம் கலந்த உணவைக் கொடுத்தபோது, முட்டையிட்ட ராணிகளின் விகிதம் 26 சதவீதம் குறைந்தது. இதைக் கணித மாதிரியில் வைத்துப் பார்த்தால், ஒரு வட்டாரத்துத் தேனீக்கள் அடியோடு அழிந்துபோகும் வாய்ப்பு குறைந்தபட்சம் 28 சதவீதம் கூடுகிறது. முட்டையிடாத ராணி உங்கள் இறப்புப் பட்டியலில் வரமாட்டாள். உயிரோடுதான் இருப்பாள், ஆனால் அவளோடு ஒரு கூடே இல்லாமல் போயிருக்கும்.

ரெய்னின் குவெல்ஃப் ஆய்வகத்தில் நடந்த இன்னொரு சம்பவம் மனதைவிட்டு அகல மறுக்கிறது. மண்ணில் தங்கும் மருந்து எச்சம் உறங்கும் ராணிகளை என்ன செய்கிறது என்று சப்ரினா ரோண்டோ என்ற ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார். மண் நிரப்பிய குழாய்களில் ராணிகளை வைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கியிருந்தார். உள்ளே படிந்த நீர் சொட்டிச் சொட்டிச் சில குழாய்களை நிறைத்துவிட்டது. நான்கு ராணிகள் மூழ்கிக் கிடந்தன. செத்துவிட்டன என்றே நினைத்து நீரை வடித்தார், அவை அசைந்தன. பிறகு முறையாகவே சோதித்தார்கள். ஏழு நாட்கள் முழுக்க நீருக்கடியில் வைத்த 21 ராணிகளில் 17 ராணிகள் எட்டு வாரம் கழித்தும் உயிரோடு இருந்தன. ஒரு வார வெள்ளத்தைத் தாங்கும் உடம்பு அது.

அப்படிப்பட்டவள் உறங்க இடம் தேடும்போது என்ன செய்கிறாள் தெரியுமா? சுத்தமான மண்ணையும் மருந்து கலந்த மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ராணிகள் மருந்து மண்ணைத் தவிர்க்கவில்லை. அதையே கூடுதலாகத் தேர்ந்தெடுத்தன. இதை 2024இல் ரோண்டோவும் ரெய்னும் வெளியிட்டார்கள். விதைநேர்த்தியில், அதாவது விதைக்கும் முன் விதைமேல், பூசும் மருந்தில் சிறு பங்கைத்தான் பயிர் உறிஞ்சிக்கொள்கிறது, பெரும்பங்கு மண்ணிலேயே தங்கிவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மண்ணில் மாதக்கணக்கில் உடம்பைக் கிடத்துபவளுக்கு என்ன ஆகும் என்று சோதித்த தாளை உங்கள் கோப்புகளில் தேட வேண்டியிருக்கிறது.

பம்பிள் தேனீக்கும் சோதனை முறை வந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் வளர்ப்புத் தேனீச் சோதனை வழிகாட்டல் 1998இல் வந்தது. பம்பிள் தேனீக்கு 2017இல் வந்தது. ஆனால் அதிலும் சோதிக்கப்படுவது வேலைக்காரத் தேனீ, எண்ணப்படுவது சாவு. வளர்ப்புத் தேனீயை மட்டும் பார்த்தால் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு ஸ்வீடன் வயல்களில் நடந்து 2015இல் வெளியான ஆய்வே போதும். மருந்து பூசிய விதையிலிருந்து வளர்ந்த கடுகினப் பயிரின் அருகே வளர்ப்புத் தேனீக் கூடுகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அதே வயல்களில் பம்பிள் தேனீக் கூடுகள் வளர்ச்சி குன்றின.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் உட்பட நியோநிகோட்டினாய்டு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளைக் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்த வயல்களில் அவற்றைத் தடைசெய்தது. நல்ல முடிவு. ஆனால் அதே 2018இல் இன்னொரு ஆய்வு வந்தது. மாற்றாகப் பேசப்பட்ட சல்ஃபாக்சாஃப்ளோர் பம்பிள் தேனீக் கூடுகளின் இனப்பெருக்கத்தைக் குறைக்கிறது என்று அது காட்டியது. அதைப் பசுமைக்குடில்களுக்குள் ஒடுக்க 2022 ஆனது. ஒரு மருந்தை விற்பனைக்கு விட்டு, ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெறும் இந்தச் சுற்றில் பூச்சியோடு விவசாயியும் அல்லாடுகிறார். பூச்சி தின்று தீர்க்கும் வயலைப் பார்த்துக் கலங்கும் விவசாயியின் கவலையைச் சிறிதாக நினைத்து நான் இதை எழுதவில்லை. அவருக்கு முதலிலேயே சரியாகச் சோதித்த மருந்து கிடைக்க வேண்டும்.

ராணிகளை வைத்துச் சோதிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று மட்டும் சொல்லாதீர்கள். தக்காளிப் பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் இருக்கும். பம்பிள் தேனீ அதைத் தாடையால் கவ்விக்கொண்டு தசைகளை அதிரவைக்க, உப்புச்சாடியை உலுக்கியதுபோல மகரந்தம் கொட்டுகிறது. வளர்ப்புத் தேனீக்கு இந்த வித்தை வராது. அதனாலேயே 1980களின் இறுதியிலிருந்து பசுமைக்குடில் தக்காளிக்காகப் பம்பிள் தேனீக்களைப் பண்ணைகளில் பெருமளவில் வளர்க்கிறார்கள். ராணிகளைக் குளிரூட்டி உறங்கவைப்பதும் எழுப்புவதும் அங்கே அன்றாட வேலை. தக்காளிக்காக முடிவது, சோதனைக்காக மட்டும் எப்படி முடியாமல் போகும்?

மருந்து எச்சம் கலந்த மண்ணில் ஒரு குளிர்கால உறக்கம், எழுந்தபின் மருந்து கலந்த உணவில் சில வாரங்கள், அதற்குப் பிறகு அவள் முட்டையிட்டாளா, கூட்டில் புதிய ராணிகள் பிறந்தனவா என்ற கணக்கு: இவ்வளவையும் விண்ணப்பிக்கும் நிறுவனங்களிடம் கட்டாயமாகக் கேளுங்கள். வயலில் ஒரு மருந்து தனியாக இருப்பதில்லை என்பதால், கூட்டாகத் தெளிக்கப்படும் மருந்துகளைக் கூட்டாகவே சோதிக்கச் சொல்லுங்கள். முடிவுகளை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

அடுத்த கோப்பு வரும்போது தேனீப் பகுதியைத் திறந்து, ராணிக்கென்று ஒரு தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தேனீ ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்துவரும் ஒருவர்