ஸ்ட்ரா இல்லாத கடைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், பர்லியாரில் பழக்கடை வைத்திருக்கிறேன். பலா, மங்குஸ்தான், ரம்புட்டான் அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும். இளநீரும் ஜூஸும் ஆண்டு முழுவதும் உண்டு. என் கடையில் கடைசியாகப் பிளாஸ்டிக் ஸ்ட்ரா கொடுத்தது 2018 டிசம்பர் 31 அன்று. மறுநாள் முதல் தமிழ்நாடு முழுவதும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அவற்றில் ஸ்ட்ராவும் ஒன்று. தடை வந்த பிறகு என்னைத் தனியாகத் தவிக்கவிடாமல் கைகொடுத்தவர்கள் பலர். வாயால் பலமுறை சொல்லிவிட்ட நன்றியை எழுத்திலும் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு. மாநிலத் தடைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, திருமதி சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோது, இந்த மலையில் பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். "எதில் போட்டுக் கொடுப்பது, வியாபாரம் படுத்துவிடுமே" என்று அன்று புலம்பியவர்களில் என் கணவரும் நானும் உண்டு. வியாபாரம் படுக்கவில்லை. பையை விட்டுப் பழகிய கைகள் என்பதால்தான் ஸ்ட்ராவை விடுவதும் எங்களுக்குக் கைகூடியது. அன்று முணுமுணுத்ததற்கும் சேர்த்து இன்று நன்றி சொல்கிறேன்.

அடுத்து வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவருக்கு. பலா பழுக்கும் மாதங்களில் கல்லாறு பக்கத்திலிருந்து யானைகள் மேலே ஏறி வருவது இங்கே வழக்கம். அப்படி ஒரு காலையில் கடைக்குப் பின்னால் யானை சாணம் கிடந்தது. அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டு, ஒரு குச்சியால் அதைப் பிரித்துக் காட்டினார். பலாக்கொட்டைகள், மூங்கில் நார், மரப்பட்டை. நடுவே நீலக்கோடு போட்ட ஸ்ட்ரா ஒன்று. மடங்கும் இடத்தில் இருக்கும் சுருக்கம்கூடக் கலையவில்லை. யானையின் வயிற்றுக்குள் போய் வந்த பலாக்கொட்டை முளைவிடக் காத்திருந்தது. ஸ்ட்ரா கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அது என் கடையில் கொடுத்ததுதான். அந்த நீலக்கோட்டுக் கட்டு அப்போதும் என் மேசையில் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "அக்கா, பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தம்பி, அந்தக் காலை நேரத்தை நான் மறக்கவில்லை.

எங்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சாலையின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் சரிவில் இறங்கி, புதரில் சிக்கிய குப்பையை அவர்கள்தான் பொறுக்குகிறார்கள். பாட்டில் என்றால் பழைய பொருள் வாங்குகிறவர் எடைக்கு எடுத்துக்கொள்வார். ஸ்ட்ராவுக்கு எடையே கிடையாது. சாக்கு நிறைய அள்ளினாலும் யாரும் வாங்க மாட்டார்கள். பொறுக்காமல் விட்டால் மழையோடு ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து பவானிக்குப் போகும். பவானித் தண்ணீரைத்தான் கீழே மேட்டுப்பாளையத்தில் என் அக்கா வீட்டில் குடிக்கிறார்கள். காசு பெறாத பொருளுக்காக முதுகு வளைத்த அந்தப் பெண்கள், தடை வந்த வாரத்தில் கடை கடையாக ஏறி எங்களிடம் பேசினார்கள். அதிகாரிகள் சொன்னபோது தலையாட்டியவர்கள், இவர்கள் சொன்னபோதுதான் கேட்டோம்.

தொடக்கத்தில் நானும் ஏமாந்தேன். "இது மக்கும் ஸ்ட்ரா, தடையில் வராது" என்று சொல்லி ஒரு மொத்த வியாபாரி இரண்டு பெட்டி தலையில் கட்டிவிட்டார். சோதனைக்கு வந்த அதிகாரி பெட்டிகளை எடுத்துக்கொண்டு அபராதமும் போட்டார். அன்று கண்ணீர் வந்தது. ஆனால் அவரே அடுத்த வாரம் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். கையில் சிக்கிய ஒன்றிரண்டை நான் வாழைமரத்தடியில் புதைத்துப் பார்த்தேன். ஓராண்டு கழித்துத் தோண்டியபோதும் முழுசாகவே கிடந்தன. ஐயா, அந்த அபராதச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சிறுமுகைப் பக்கத்து விவசாயி அண்ணன் ஒருவர் இல்லாவிட்டால் இளநீர் வியாபாரம் தடுமாறியிருக்கும். காகித ஸ்ட்ரா பாதி இளநீருக்குள் கூழாகிவிடுகிறது என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்த நேரம் அது. அவர்தான் பப்பாளி இலைக் காம்பைக் கொண்டுவந்து போட்டார். உள்ளே குழலாக இருக்கும் காம்பு; பண்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வெட்டியதும் அப்படியே கொடுக்க முடியாது. பால் வடியும், கசக்கும், சிலருக்கு உதடு அரிக்கும். முந்தின நாள் மாலையே ஒரு சாண் அளவுக்கு வெட்டி, பால் வடியும்வரை செங்குத்தாக நிறுத்தி வைத்து, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, காலையில் மறுபடி கழுவ வேண்டும். இதையெல்லாம் என் அடுப்படியில் நின்று செய்து காட்டிவிட்டுத்தான் அவர் போனார். மூன்று மாதம் காம்புக்குக் காசு வாங்கவில்லை. ஜூஸுக்கு எங்கள் மகளிர் குழுத் தோழிகள் எவர்சில்வர் டம்ளர் வாங்கக் கடன் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது பலரும் இளநீரை அப்படியே தூக்கி அண்ணாந்து குடிக்கிறார்கள். குழந்தைகளுக்கு அது விளையாட்டாகவும் இருக்கிறது.

பேருந்து நடத்துநர்களுக்கும், நின்ற இடத்திலேயே பயணிகளிடம் "குப்பையை வண்டிக்குள் வையுங்கள்" என்று குரல் கொடுக்கும் ஓட்டுநர்களுக்கும் நன்றி. 2019 ஆகஸ்டில் சிறு தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை வந்தபோது, வந்தவர்களுக்குக் காசு போட்டால் தண்ணீர் தரும் குடிநீர் ஏடிஎம் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டியவர்களும் இவர்கள்தான். 2022 ஜூலையில் நாடு முழுவதும் தடை வந்த பிறகு, அட்டைப்பெட்டி ஜூஸில் ஒட்டி வரும் ஸ்ட்ராவும் பலவற்றில் காகிதமாகிவிட்டது. இங்கே வாலாட்டித் திரியும் குரங்குகளின் வாயிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிடுங்கும் வேலை எனக்குக் குறைந்திருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். திருப்பூரிலிருந்து மகளோடு வந்த ஒரு தாய். அந்தச் சிறுமிக்கு மூளை முடக்குவாதம். கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது, அண்ணாந்தால் புரையேறும். அம்மா ஸ்ட்ரா கேட்டார். நான் பலகையைக் காட்டி, "இங்கே கிடையாது, சட்டம்" என்றேன். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய அதே குரலில் சொல்லிவிட்டேன். காகித ஸ்ட்ராவை அந்தக் குழந்தை கடித்ததும் நசுங்கிப்போனது. பப்பாளிக் காம்பு வளையாது. இருந்த ஒரு ஸ்டீல் குழலை எடுத்து நீட்டினேன். "பல்லில் இடித்தால் காயமாகும் அக்கா" என்றார். கோபப்படவில்லை. மாம்பழ ஜூஸை ஒரு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கால் மணி நேரம் ஆயிற்று. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த முறை வந்தபோது அவரே ரப்பர்போல வளையும் சிலிக்கோன் ஸ்ட்ராக்கள் இரண்டும், அவற்றின் உள்ளே தேய்க்கச் சிறு பிரஷ்ஷும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "என் மகளுக்கு மட்டுமில்லை, இப்படி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுங்கள், கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் போதும்" என்றார். தடை வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் இம்மியளவும் சந்தேகமில்லை. ஆனால் ஸ்ட்ரா இல்லாமல் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை எனக்குக் கற்பித்தவர் அந்தத் தாய். பக்கவாதம் வந்த பெரியவர்கள், கையில் கட்டுப் போட்டவர்கள் என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அவற்றில் குடித்துவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் ஆளுக்கொன்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அம்மா, இதைப் படிக்கிறீர்களோ இல்லையோ, உங்கள் ஸ்ட்ராக்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இருக்கின்றன. கடந்த சீசனில் ஒன்றில் விரிசல் விழுந்தது. புதிது வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த முறை மலையேறும்போது மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். மாம்பழம் இனிப்பாக வந்திருக்கிறது.

நன்றியுடன்,
பர்லியார் பழக்கடைக்காரி