டி-ஷர்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே

மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா முழங்கால் வலியோடு சுகம். மற்ற கதையெல்லாம் போனில். குட்டை பாபு நேற்று சொன்ன சங்கதிக்காகத்தான் இந்தக் கடிதம்: உங்கள் இசைக்குழுவின் பெயரில் முந்நூறு டி-ஷர்ட் அடிக்கத் திருப்பூருக்கு அட்வான்ஸ் அனுப்பப்போகிறாயாமே? ஒரு வாரம் பொறுடா, கும்பிடுகிறேன்.

உன் லோகோவைப் பார்த்தேன். யாழ் இருக்கிறது, மயில் இருக்கிறது, கடலலை இருக்கிறது, ஆறு வண்ணம், போதாதற்குத் தங்க ஜிகினா. கல்யாணப் பத்திரிகைக்கு அமோகம். ஆனால் அது எங்கெல்லாம் போய் உட்காரவேண்டும் என்று பார். போனில் பாட்டுப் பட்டியலில் கவர் படம் கட்டைவிரல் நகத்தளவுதான் தெரியும். அங்கே உன் மயில் வெறும் கறை. பேஸ் டிரம்மின் முன்தோல் 22 இஞ்ச்; மைக் நுழைக்க அதன் ஓரத்தில் நாலைந்து இஞ்சுக்கு ஓட்டை போடுவார்கள். உன் யாழின் கழுத்து கச்சிதமாக அந்த ஓட்டையில்தான் விழும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மை வழிக்கும் வலைச்சட்டம். கறுப்புத் துணி என்றால் அடியில் வெள்ளை ஒரு கோட் தனி. ஆக, ஜிகினாவையும் சேர்த்து எட்டு ஸ்கிரீன் காசு. மயிலிறகின் முடிக்கோடுகள் மை அடைத்துக் கொழகொழவென்று நிற்கும். மேடை எல்இடி திரையிலோ மெல்லிய கோடே தெரியாது. வெள்ளைப் பின்னணி வைத்துவிட்டால் வெளிச்சம் பூராவும் பின்னாலிருந்து வரும், உங்கள் முகமெல்லாம் இருட்டு.

அதனால் முதலில் ஒரே கறுப்பில் வரையச் சொல். இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிரிண்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார். தெரிந்தால் வண்ணத்தைப் பற்றிப் பேசலாம். பிளாக் ஃபிளாக் என்ற அமெரிக்க பங்க் பேண்டுக்கு ஓவியர் ரேமண்ட் பெட்டிபான் போட்டுக்கொடுத்தது நாலே நாலு கறுப்புப் பட்டை; ஸ்ப்ரே டப்பாவும் ஒரு சுவரும் கிடைத்தால் எந்த ரசிகனும் போட்டுவிடுவான். ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டின் நாக்கு லோகோவை 1970இல் வரைந்த ஜான் பாஷ் அப்போது கல்லூரி மாணவர், கூலி 50 பவுண்டு. காசைக் கொட்டினால்தான் லோகோ வரும் என்று உங்கள் டிரம்மர் சொன்னால் இதைச் சொல்.

எழுத்துக்கு வருகிறேன், வயிற்றெரிச்சலே இதில்தான். ஹெவி மெட்டல்காரர்கள் பாணியில் முள் முளைத்த தமிழ் எழுத்து! எது முள், எது மெய்யெழுத்தின் புள்ளி என்று நானே திணறினேன். கொழுத்த எழுத்தாக்கும்போது ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும், உள்வெளியைத் திறந்துவிட வேண்டும். பழைய போட்டோஷாப்பில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைப் போடாமல் தட்டியிருக்கிறான் லோகோ வரைந்த தம்பி. ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, நீங்கள் ஐந்து பேரும் பார்த்துத் தலையாட்டியிருக்கிறீர்கள். பலூ தம்பி, கவிவனர் மாதிரி இலவச, திறந்த உரிமத்து ஃபாண்ட் ஒன்றை எடுத்து, அதில் இரண்டு எழுத்தை மட்டும் கையால் மாற்றி வரைந்தாலே போதும், முகம் வந்துவிடும். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வரைபடமாக மாற்றச் சொல். இல்லாவிட்டால் அச்சகக் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற ஃபாண்டை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

பெயரில் ழகரம் வேறு. இன்ஸ்டாவில் இசட்-ஹெச், யூடியூபில் எல் என்று வைத்திருக்கிறீர்கள். தேடுகிறவன் எதை அடிப்பான்? ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் அதே பெயரில் வேறு யாராவது இருந்தால் உங்கள் பாட்டு அவர்கள் பக்கத்தில் போய் விழலாம். பாட்டை இந்தத் தளங்களுக்கு அனுப்பிவைக்கிற விநியோகஸ்தரிடம் ஏற்றும்போதே புதுக் கலைஞர் என்று குறிப்பிடவேண்டும். கவர் படம் 3000க்கு 3000 பிக்சல்.

லோகோவே எல்லாம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் சாதி எதிர்ப்பு இசைக்குழுவான தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது கானா பாடகர்கள் உட்பட எல்லாரும் ஒரே மாதிரி கோட்-சூட். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்பே அவர்கள் யார், எதற்காக நிற்கிறார்கள் என்று உடையே சொல்லிவிட்டது. நீங்கள் கறுப்புச் சட்டையில் கறுப்புத் திரைக்கு முன் நிற்கிறீர்கள். போட்டோவில் ஐந்து தலை மிதக்கிறது.

இனி விளையாட்டில்லை. இந்தப் பெயர் யாருடையது? ஐந்து பேரில் ஒருவன் விலகிப்போய் அதே பெயரில் கச்சேரி போட்டால் என்ன செய்வீர்கள்? டிரேட்மார்க்குக்குத் தனிநபர் ஆன்லைனில் போட்டால் வகுப்புக்கு ரூ. 4,500. கச்சேரிக்கு 41ஆம் வகுப்பு, டி-ஷர்ட்டுக்கு 25. முதலில் 41 போதும். ஆனால் யார் பெயரில் விண்ணப்பமோ பதிவில் அவர்தான் சொந்தக்காரர், அதனால் அதற்கு முன் ஐந்து பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: விலகுகிறவன் பெயரைத் தொடக்கூடாது, பழைய பாட்டின் பங்கு அவனுக்கு உண்டு என்று. நட்புக்குள் தாள் எதற்கு என்பாய். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் யாரும் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.

லோகோ வரைகிற தம்பியிடமும் காப்புரிமையை (காப்பிரைட்) எழுத்தில் வாங்கு. காலம் குறிப்பிடாவிட்டால் நம் சட்டப்படி ஐந்து வருடம்தான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூர் கச்சேரி கனவெல்லாம் இருக்கிறதல்லவா உனக்கு?

டி-ஷர்ட்டை முந்நூறில் ஆரம்பிக்காதே, ஐம்பது அடி. 180 ஜிஎஸ்எம் (துணியின் கனக் கணக்கு) பருத்தி, எம், எல் சைஸ் அதிகமாக. முதலில் ஒரே ஒரு சாம்பிள் வாங்கித் துவைத்து, அச்சை இழுத்துப் பார். வெடித்தால் மை சரியாகச் சூடேறவில்லை. பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மைக்கு 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேண்டும்.

கறுப்பு லோகோவை ஞாயிற்றுக்கிழமைக்குள் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி ஃபைலாக அனுப்பு. வாட்ஸாப்பில் போட்டோவாகப் போடாதே, டாக்குமெண்டாகப் போடு. பாபுவிடம் என் ஆம்ப்ளிஃபயரைக் கேள், தரமாட்டான், இருந்தாலும் கேள்.

உன்,
மொட்டை